பத்தடி இடைவெளி

உத்திரமேரூரில் அந்தப் பழைய அலுவலகத்தை இடிக்கக் கூடாதென்று உத்தரவு. அதனால் சுற்றிலும் தூண்கள் எழுப்பி, அதன் தலைக்குமேல் ஒன்பது மாடிக் குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய மொட்டைமாடிக்கும் புதுத் தளத்துக்கும் நடுவே பத்தடி இருக்க வேண்டும். தினமும் ஏறி அதை அளந்து கையெழுத்திடுவது என்ஜினீயர் கல்பனாவின் வேலை.

திங்களன்று ஒன்பதரை அடி வந்தது. வெள்ளியன்று எட்டரை.

"தூண் எறங்கிடுச்சா மேஸ்திரி?"

"ஒரு நூல்கூட எறங்கல மேடம். பத்துன்னே எழுதிக்கோங்க. எதுக்கு பேஜாரு?" என்றார் ஏகாம்பரம்.

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. பத்து என்றே எழுதினாள்.

முழங்கால் வலியால், மொட்டைமாடியிலிருந்து பழைய அலுவலகத்தின் படிகளை எண்ணி எண்ணி இறங்குவது அவள் பழக்கம். எப்போதும் பதினெட்டு. இன்று இருபத்தொன்று இருந்தன. திரும்பிப் பார்த்தாள். எந்த மூன்று புதிது என்று தெரியவில்லை. எல்லாப் படிகளும் நூறு வருஷம் மிதிபட்டு நடுவில் தேய்ந்திருந்தன.