தங்கமான மாப்பிள்ளை

தான் செத்துப்போன செய்தியை விமானி தன் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கூடத்தில் மாமியார் அழுதாள். தெருவையே கூட்டுகிற அழுகை.

“தங்கமான மாப்பிள்ளை! என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்லையே!”

எதிர்த்துப் பேச அவள் இடைவெளி கொடுத்ததில்லை என்பது வேறு விஷயம். ஈரத் துண்டை நாற்காலியில் போட்ட குற்றத்துக்காக இன்று காலைதான் அவனுக்கு உதவாக்கரைப் பட்டம் கொடுத்திருந்தாள். மூக்கில் விசிறி இல்லாத விமானம் ஓட்டுகிறவனுக்குப் போய்ப் பெண்ணைக் கொடுத்தோமே என்று புலம்பாமல் அவளுக்குப் பொழுது விடியாது. விமானத் தளத்துக்கு ஜெட் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. விசிறி சுற்றினால்தான் விமானம், மற்றதெல்லாம் வெடி என்பது அவள் கட்சி.

அவள் வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது. காலை ஒன்பதே காலுக்குப் பயிற்சிக்காக ஏறிய ஒற்றை இருக்கை ஜெட், ஓடுபாதைக்கு அப்பால் தலைகுப்புற விழுந்து எரிந்தது. பறப்புப் பதிவேட்டில் விமானியின் பெயர் இருந்தது. மேலதிகாரி காரில் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொல்லைப்புற வேலியைத் தாண்டி விமானி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, காரின் புழுதிகூட அடங்கியிருக்கவில்லை.

நேரே கூடத்துக்குப் போயிருக்க வேண்டியவன்தான். போகவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி கதவுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டான். போதாக்குறைக்குத் தும்மல் வேறு வந்தது. மூக்கை இறுக்கிப் பிடித்து அதை அப்படியே விழுங்கினான்.

சீட்டில் கள்ளாட்டம் ஆடுகிறான் என்று போன ஞாயிற்றுக்கிழமை சீட்டுக்கட்டைச் சுவரில் வீசியடித்த மாமனார், இவ்வளவு நேர்மையான பையனைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மச்சினன், மாமாவின் சைக்கிளை இனி யாரையும் தொட விடமாட்டேன் என்றான். இரண்டு மாதமாக அதைத் திருப்பித் தராமல் ஓட்டிக்கொண்டிருப்பவனே அவன்தான்.

காதில் தேன் பாய்ந்தது என்று பொய் சொல்வானேன், கொஞ்சம் பாயத்தான் செய்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்காட்டலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

அப்போதுதான் மனைவியின் குரல் கேட்டது. அவள் அழவில்லை.

“காலையில மூஞ்சி கொடுத்துக்கூடப் பேசலையே நான்,” என்றாள்.

அவன் கால் தானாக முன்னால் போனது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். மனைவியின் தலையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்து வீட்டு விமானியின் மனைவி.

“அழுதுருங்க அண்ணி, மனசுலயே வச்சுக்காதீங்க. இவரு வந்துருவாரு. வந்ததும் எல்லாத்தையும் பாத்துக்குவாரு.”

முன்னால் போன கால் பின்னால் வந்தது.

அவள் சொன்ன ‘இவரு’க்கு விமானத் தளம் வைத்த பெயர் ஓசி. சவரக்கத்தி, செய்தித்தாள், குடை, சட்டைப் பொத்தான் என்று அவன் ஓசி வாங்காத பொருள் கிடையாது. பதிலுக்கு எதையும் செய்வான். பயிற்சிப் பள்ளியில் தூங்கிவிட்ட நண்பனுக்காகக் குரலை மாற்றி ‘உள்ளேன் ஐயா’ சொன்னவன்.

இன்று காலை விமானிக்குக் கடும் சளி, காதும் அடைத்திருந்தது. அந்தக் காதோடு ஜெட்டில் ஏறினால் செவிப்பறை கிழிந்துவிடும். மருத்துவரிடம் போனால் ஒரு வாரம் பறக்க விடாமல் தரையில் உட்கார வைப்பார். ஜெட் பயிற்சியின் கடைசிப் பறப்பும் அதோடு தேர்ச்சியும் கைநழுவிப் போகும். ஓசி சிரித்தான். தலைக்கவசமும் முகமூடியும் மாட்டினால் எவன் எவனென்று பெற்ற தாய்க்கே தெரியாது, பேசாமல் போய்த் தூங்கு என்றான். விமானியின் பெயரைப் பதிவேட்டில் தன் கையால் எழுதிவிட்டு ஏறினான்.

விமானி பாராசூட் மடிக்கும் அறையில், துணிக்குவியலுக்குப் பின்னால் படுத்து நிம்மதியாகத் தூங்கினான். விபத்துச் சங்கு ஊதித்தான் விழித்தான்.

தான் கூடத்தில் போய் நின்றால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் ஒரு நிமிடம், இன்னும் ஒரே ஒரு நிமிடம் என்று தன் சாவை நீட்டிக்கொண்டிருந்தான். மனைவி துடிக்கிறாள் என்று தெரிந்தும் நின்றான். தன்னை நினைத்தாலே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

மனைவிக்குத் தண்ணீர் எடுக்க, பக்கத்து வீட்டுக்காரி சமையலறைக்குள் வந்தாள்.

அவனைப் பார்த்தாள். கையிலிருந்த குவளை விழுந்து உருண்டது. பேயைப் பார்த்தவள் போல வாயைப் பொத்தினாள். பிறகு அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். கிள்ளியும் பார்த்தாள்.

“அண்ணே! உங்களுக்கு ஆயுசு நூறு!”

அழுகையும் சிரிப்புமாகக் கூடத்தின் பக்கம் திரும்பி, “அண்ணி, ஓடி வாங்க! அண்ணன் உயிரோட இருக்காரு!” என்று கத்தினாள். நாற்காலிகள் விழுகிற சத்தமும் ஓடி வருகிற காலடிகளும் கேட்டன.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் தோளுக்கு மேலாகக் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்தாள்.

“அவருதான உங்களத் தேடிக் கூட்டிட்டு வந்தாரு? எங்கண்ணே, வெளியிலயே நின்னுட்டாரா?”