மேற்கு வடிகால்

கி.மு. 40, பெப்ரவரி மாதத் தொடக்கம். பெருசியா நகரம் முற்றுகையில் இருந்தது. உள்ளே ரோமானியப் படை. வெளியேயும் ரோமானியப் படை.

அன்று நண்பகலில் மதிலிலிருந்து வந்த ஈயக்குண்டு ஒன்று மண்கரையைத் தாண்டி, வீபியஸின் காலடியில் சேற்றில் புதைந்தது.

அவன் அதைத் தோண்டி எடுத்துத் துடைத்தான். ஒரு பெரிய வாதுமைக் கொட்டை அளவு. இரண்டு பக்கமும் கத்திமுனையால் கீறியிருந்தார்கள்.

ஒரு பக்கத்தில்: ஔலஸ்.

மறுபக்கத்தில்: மேற்கு வடிகால், நாளை விடியல்.

ஔலஸ் அவன் தம்பி. வேறொரு தளபதியின் படையில் சேர்ந்து, இப்போது மதிலுக்கு உள்ளே இருப்பவன். இரண்டு வாரத்துக்கு முன் மதில்மேலிருந்து அவன் குரலில் ஒரு வசவு கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. உள்ளே படைவீரனுக்கே நாளைக்கு ஒரு கைப்பிடி மாவுதான் என்று சொன்னார்கள். அடிமைகள் புல்லைத் தின்கிறார்கள் என்றும்.

தப்பி வெளியே வருகிறவன் எவனாக இருந்தாலும் அடித்து உள்ளே விரட்ட வேண்டும் என்பது உத்தரவு. வாய்கள் குறைந்தால் நகரம் இன்னும் சில நாள் தாங்கும்.

ஆனால் மேற்கு வடிகாலுக்கு எதிரே நாளை விடியற்காவல் வீபியஸின் முறை. மூன்று நாளுக்கு ஒருமுறை அவன் அங்கே நிற்பதைத் தம்பி மதிலிலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

"என்னடா எழுதியிருக்கான்? சத்தமாப் படி, எல்லாரும் கேக்கட்டும்."

நூற்றுவர் தலைவன் ரசீனியஸ் பின்னால் வந்து நின்றிருந்தான். கவண் பயிற்சி முடித்த இருபது பேர் அவனோடு. அவர்களில் ஒருவனுக்கும் எழுத்து தெரியாது. ரசீனியஸுக்குத் தெரியும்; ஆனால் கிட்டத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

மதிலிலிருந்து குண்டுகளில் கீறி வரும் வசவுகளைப் படித்துக் காட்டுவது வீபியஸின் வேலை. சப்பென்று இருந்தால் அவனே காரம் சேர்ப்பான். சிரித்து முடித்ததும் குண்டு உருக்கும் சட்டிக்குப் போகும்.

சட்டிக்குப் போனால் போதும்.

"'ரசீனியஸோட வழுக்கைக்குத்தான் குறி வெச்சேன், வெயில் பட்டுக் கண்ணு கூசிடுச்சு'ங்கறான்."

இருபது பேரும் ரசீனியஸைப் பார்த்தார்கள். பிறகு ரசீனியஸே வெடித்துச் சிரித்தான். மண்கரை முழுக்கச் சிரித்தது.

"இத்துனூண்டு குண்டுல அவ்ளோவுமாடா எழுதினான்?" என்றான் கானுலியஸ். வீபியஸோடு ஒரே கூடாரத்தில் படுப்பவன், ஒரே சட்டியில் தின்பவன்.

"சுருக்கி எழுதியிருக்கான்டா."

ரசீனியஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இதை உருக்காதே. வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பு. எவன் எழுதினானோ அவன் மண்டை உடையட்டும். நீயே அடி."

தளபதியின் பெயர் என்று சொல்லியிருக்கலாம். படையணியின் எண் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்; குண்டும் சட்டிக்குப் போயிருக்கும்.

வீபியஸ் இடுப்பிலிருந்து கவணை அவிழ்த்தான். கயிற்றின் வளையத்தை விரலில் மாட்ட எவ்வளவு நேரம் எடுக்கலாமோ அவ்வளவும் எடுத்தான். அதற்குள் கட்டைவிரல் நகத்தால் ஈயத்தைச் சுரண்டினான். பெயர் போயிற்று. மறுபக்கத்துக் கீறல் ஆழமாக இருந்தது; போகவில்லை.

"என்னடா, குண்டுக்குத் தாலாட்டுப் பாடுறியா?"

அறுநூறு அடித் தூரத்தில் வைக்கோல் கட்டு ஒன்றை நட்டு, இரண்டு வருஷமாகத் தினமும் அடித்த கை அது. மதில் நானூறு அடிதான். தலைக்குமேல் ஒரே சுழற்று, உடனே விடு, அதுதான் பயிற்சி. அதிகம் சுழற்றினால் குறி கெடும் என்று ரசீனியஸ் பிரம்பால் சொல்லிக்கொடுத்திருந்தான்.

வீபியஸ் மூன்று முறை சுழற்றினான்.

குண்டு தாழப் பறந்து, மதிலுக்குப் பாதி வழிகூடப் போகாமல், மண்கரையை ஒட்டிய அகழிக்குள் விழுந்தது.

"வைக்கோலை அடிக்கிற வீரன்டா இவன்!" என்று ஒருவன் கத்தினான். "அது திருப்பி அடிக்காதுல்ல!"

ரசீனியஸ் சிரிக்கவில்லை. பிரம்பை வலக்கைக்கு மாற்றிக்கொண்டான்.

"விடுங்கய்யா, அவன் கை ஈரம்," என்றான் கானுலியஸ். சொல்லிக்கொண்டே கேடயத்தைத் தலைக்குமேல் பிடித்து அகழிக்குள் குதித்துவிட்டான். மதிலிலிருந்து இரண்டு கற்கள் வந்து கேடயத்தில் மோதின. முழங்கால் சேற்றில் துழாவி, குண்டை எடுத்துக்கொண்டு, மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"உனக்காக உசுரைக் குடுத்து எடுத்தாந்திருக்கேன். நீ உக்காரு, நான் அடிக்கிறேன்."

வீபியஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "வேணாம்டா."

"பரவால்லடா. நாளைக்கு நீ எனக்குச் செய்ய மாட்டியா?"

ரசீனியஸ் பார்த்துக்கொண்டிருந்தான். வீபியஸ் பிடியை விட்டான்.

ஒரே சுழற்று. குண்டு மதிலின் விளிம்பை உரசாமல் உள்ளே போயிற்று. மண்கரையே ஆர்ப்பரித்தது. ரசீனியஸ் பிரம்பைக் கீழே இறக்கினான்.

வீபியஸ் கானுலியஸின் தோளைத் தட்டவேண்டியிருந்தது. தட்டினான்.

மறுநாள் விடியலில் மேற்கு வடிகாலுக்கு எதிரே அவன் காவல் நின்றான். அங்கிருந்து யாரும் வரவில்லை. வெளிச்சம் பரவியதும், வடிகாலுக்கு நேர்மேலே மதிலில் ஓர் உடல் தொங்குவது தெரிந்தது. உயரத்திலிருந்த முகம் தெரியவில்லை. தெரிய வேண்டியிருக்கவில்லை.

"பசியில ரொட்டி திருடியிருப்பான், பாவம்," என்றான், காவல் மாற வந்த கானுலியஸ்.

மூன்று வாரத்தில் நகரம் சரணடைந்தது. இரண்டு பக்கத்து வீரர்களும் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள். உள்ளே இருந்த படைவீரர்கள் எல்லோருக்கும் மன்னிப்பு வழங்கப்பட்டது.