முப்பத்தேழு பெயர்களை அழித்த கை

‘மாடியூல் இல்லை’ என்றது திரை. மூன்றாவது முறையாக.

எழில்மதி புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். வெள்ளிமலைச் சங்க அலுவலகத்தின் சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து. மூன்று மணிக்குப் பொதுக்குழு. அதற்குள் இந்தக் கணினி வாய் திறந்தாக வேண்டும்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நிலவுரிமை கேட்டு மனுப்போட்ட ஆயிரத்து நானூறு மலைக்குடும்பங்களில் முப்பத்தேழு குடும்பங்களின் மனுக்கள் சங்கத்தின் பதிவேட்டிலிருந்து காணாமல் போயிருந்தன. குடகில் காப்பிப்பழம் பறித்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. பாறையைப் பிளந்து, முள்ளைக் களைந்து, சாமையும் தினையும் விளைத்த மண். அதற்கான சான்று இல்லை.

அழித்தவர் யார்?

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு. அதில் யார் கை வைத்தாலும் பெயர், நாள், நேரம், காரணம் அனைத்தையும் குறித்துக்கொள்ளும் சப்வெர்ஷன் என்ற மென்பொருளை மலைக்குக் கொண்டுவந்தவளே எழில்மதிதான். பதிவேட்டின் முகப்பில் கடைசியாகத் தொட்டவர் பெயர் மட்டும் தெரியும். முப்பத்தேழுக்கும் ஒரே பெயர் தெரிந்தது.

செல்லமுத்து. பதினோரு ஆண்டுகளாகச் சங்கத்தின் தட்டச்சர்.

“நான் தொடலம்மா” என்றார்.

நான்கு நாள்களுக்கு முன் கரியாலூர்க் கூட்டத்தில் அவள் முழங்கினாள்: “உழைப்பவர் பெயரை ஒருவன் அழிக்கலாம், அழித்த கையைப் பதிவேடு மறக்காது! அந்தக் கை நிலக்காரனுக்கு விலைபோன கை!” கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எந்தக் கை என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஆனாலும் பொதுக்குழு, செல்லமுத்துவை வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் முழு விவரத்தையும் கேட்டது. ஆயிரக்கணக்கான திருத்தங்களிலிருந்து அதைப் பொறுக்கித் தர அவளிடம் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் ஒன்று இருந்தது. போன மாதம் கணினியைப் புதுப்பித்தபோது, பைத்தானும் சப்வெர்ஷனும் பேசிக்கொள்ள இடையில் நிற்கும் பைண்டிங் என்ற மாடியூல் போய்விட்டது. அதை மூலநிரலிலிருந்து கட்டி நிறுவ வேண்டும். கட்டினாள். நிறுவினாள். இல்லை என்கிறது.

எங்கே பிழை?

கட்டுமானக் குறிப்பை மேலிருந்து கீழாக மறுபடியும் படித்தாள். நாற்பதாவது வரியில் அகப்பட்டது. கணினியில் பைத்தானின் பழையதும் புதியதுமாக இரண்டு பதிப்புகள் இருந்தன. பைண்டிங் பழையதற்காகக் கட்டப்பட்டிருந்தது. நிரல் ஓடுவதோ புதியதில்.

கட்டியதையெல்லாம் அழித்தாள். புதிய பைத்தானின் இடத்தைக் காட்டி முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டு பதினெட்டு.

வரிகள் ஓடின. இரண்டு முப்பத்தொன்றுக்கு மின்சாரம் போயிற்று. இன்வெர்ட்டர் கீச்சிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த செல்லமுத்து எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார், குழல்விளக்கை அணைத்தார். பேட்டரி கணினிக்கு மட்டும் போகட்டும் என்று.

என்ன நடிப்பு என்று நினைத்தாள் எழில்மதி.

சன்னல் கம்பியில் ஒரு முகம் அழுந்தியது. முப்பத்தேழில் ஒருத்தியான காசியம்மாள். “இன்னாம்மா, அந்தாளு பேரு வந்துச்சா? இல்ல, கம்ப்யூட்டருங்கூட காசு வாங்கிக்கினு கம்முனு குந்திக்கினு கீதா?”

வாசலில் சிரிப்பு வெடித்தது. செல்லமுத்து சிரிக்கவுமில்லை, தலைகுனியவுமில்லை. வியர்வை அவர் காலரை நனைத்திருந்தது.

இரண்டு ஐம்பத்தொன்று. கட்டுமானம் முடிந்தது. நிறுவினாள். மாடியூலை அழைத்தாள்.

திரை எதுவும் சொல்லவில்லை. பிழை இல்லையென்றால் அது எதுவும் சொல்லாது.

நிரலை ஓடவிட்டாள். வரிசை வந்தது. முதல் கோப்பு: செல்லமுத்து, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒரு மணி. இரண்டாவது: செல்லமுத்து, அதே நாள், பகல் ஒரு மணி. எழில்மதிக்கு மூச்சு வந்தது. தான் சொன்னது பொய்யில்லை. பெயர் இருக்கிறது, நாள் இருக்கிறது.

பிறகுதான் நொடிகளைப் பார்த்தாள்.

முதல் கோப்புக்கும் முப்பத்தேழாவது கோப்புக்கும் இடையில் ஒன்பது நொடிகள்.

எந்த மனிதக் கையாலும் ஆகாத வேகம்.

காரணம் என்ற இடத்தில் முப்பத்தேழிலும் ஒரே வரி: ‘மும்முறை சென்றபோதும் வீடு பூட்டியிருந்தது.’

அந்த வரியை எழுதியவள் அவள். சமவெளி நிலக்காரர்கள் மலையில் வெற்றுக் கொட்டகை போட்டுப் பூட்டிவிட்டு, அதையே வீடென்று காட்டி மனுப்போட்டார்கள். அந்தப் போலி மனுக்களை ஒழிக்க இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தானியங்கி நிரல் எழுதினாள்: மூன்று முறை பூட்டியிருந்தால் மனுவை நீக்கு. கூட்டமொன்றில் அதற்கும் கைதட்டல் வாங்கினாள். ஓயாமல் ஓடும் கணினி ஒன்றுதான் இருக்கிறது என்று அதைச் செல்லமுத்துவின் கணினியில், அவர் கணக்கிலேயே நிறுவினாள். நிறுவியதை மறந்தும் போனாள். இந்த ஆண்டுதான் சங்கத்தார் வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கும் வேலை காப்பி பறிக்கும் பருவத்தில் நடந்தது.

பசிக்குப் பிழைக்கப் போனவர்களின் கதவுகள் பூட்டித்தானே இருக்கும்!

மூன்று மணி அடித்தது. செல்லமுத்து எழுந்து நின்று சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“பேரு வந்துடுச்சாம்மா?”

“வந்துடுச்சுண்ணே. நீங்க குந்துங்க.”

மேசைமேல் கிடந்த மைக்கை எடுத்துக்கொண்டு, எழில்மதி தனியாக வாசலுக்கு நடந்தாள்.