இரவல் மகள்

ஆய்வாளரம்மா நாற்காலியை இழுப்பதற்குள் சாது எழுந்து வணக்கம் சொல்லிவிட்டாள்.

அந்த அடுக்ககத்திலேயே யாரும் சொல்லாமல் வணக்கம் சொல்லும் குழந்தை அவள் ஒருத்திதான். கீழ்வீட்டுத் தையல்காரியின் மகள். பிள்ளையை ஒழுங்காக வளர்க்கிறார்களா என்று அரசு நடத்தும் தாய்மைச் சோதனை வந்துவிட்டால் போதும், வீடு வீடாக இரவல் போவாள்.

இந்த வீட்டுக்காரி பெற்ற வாலு, இப்போது பக்கத்து வீட்டில் அடைபட்டிருந்தாள்.

வேறு வழியில்லை. முதல் சோதனையில் சுவரெல்லாம் கிறுக்கல். இரண்டாவதில், அப்போது வந்திருந்த ஆய்வாளரின் முழங்காலை வாலு கடித்துவைத்தாள். இன்றும் தோற்றால் பிள்ளையை அரசு இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

இன்று வந்த அம்மாளோ இந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை சட்டைக்கையை இழுத்துவிட்டிருந்த கறார்ப் பேர்வழி.

பாகற்காய்ச் சாறு கொடுத்தார். சாது குடித்துவிட்டு நன்றி சொன்னாள். பொம்மையைப் பிடுங்கினார். சாது இன்னொன்றையும் எடுத்து நீட்டினாள்.

தாய்க்குப் பொறாமையாக இருந்தது. கூடவே, இப்படியொரு பிள்ளையோடு ஒரு வாரம் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றும் தோன்றியது.

ஆய்வாளரம்மா பச்சை முத்திரையைக் கையில் எடுத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ தடாலென்று விழுந்தது. அடுத்த நொடி, "அம்மா" என்று ஓர் அலறல்.

என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தாய் நூறு தரம் மனப்பாடம் செய்திருந்தாள். பாழாய்ப்போன கால்கள் கேட்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்த பிறகுதான் அவளுக்கு நினைவே வந்தது.

சாது உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"அது பக்கத்து வீட்டுப் பாப்பா. அடிக்கடி விழும்," என்றாள், தொழில் தெரிந்தவளாக.

ஆய்வாளரம்மா வாசலில் நின்றவளைப் பார்த்தார். சாதுவைப் பார்த்தார். அலறல் வந்த சுவரையும் பார்த்தார்.

குட்டு உடைந்துவிட்டது.

முத்திரை விழுந்தது. பச்சை.

பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த ஆய்வாளரம்மா, சட்டைக்கையை மெல்லச் சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சின்னச் சின்னப் பல்தடங்கள். சில இன்னும் ஆறவில்லை.

"நாளைக்கு என் வீட்டுக்குச் சோதனைக்கு வர்றாங்கம்மா. இந்தப் பொண்ணு சும்மாதான் இருப்பாளா?"