வேகத்தடையில் நின்ற லாரி

மச்சினனின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. அதுதான் முதலாளிக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் விரல்களையே பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். லாரி குடோன் தெருவின் வேகத்தடையில் ஏறி இறங்கியது. டேஷ்போர்டு விளக்குகள் மொத்தமாக அணைந்தன, எஞ்சின் ஒரு முனகலோடு நின்றது.

"பாத்தீங்களா அத்தான்? நான் ஒண்ணுமே பண்ணல," என்றான் மச்சினன்.

முதலாளி குனிந்து அவன் கால்களைப் பார்த்தார். ரகசிய சுவிட்ச் ஏதாவது வைத்திருக்கிறானா என்று ரப்பர் பாயைக்கூடத் தூக்கிப் பார்த்தார். ஒரு பல்குச்சிதான் கிடைத்தது.

அவரிடம் இருந்தது இந்த ஒரே லாரி. ஓட்டுவது மனைவியின் தம்பி. மூன்று வாரத்துக்கு முன் கியர்பாக்ஸ் நொறுங்கியபோதே, எல்லாம் இவன் ஓட்டுகிற லட்சணம் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்து, உள்ளே புதுச் சாமான்கள் போட்டு ஏற்றிய அன்றே, டீசல் டேங்க், பேட்டரிப் பெட்டி, டூல்ஸ் பெட்டி, ஸ்டெப்னி, பின்கதவில் மூன்று என்று மொத்தம் ஏழு பூட்டுப் போட்டார். வண்டியில் பூட்டாமல் விட்டது ஹாரனை மட்டும்தான். இனி எது காணாமல் போனாலும், யாரோ எடுத்துவிட்டார்கள் என்று மச்சினன் கதை சொல்ல முடியாது. சாவியும் அவனிடம், பொறுப்பும் அவனிடம்.

அந்த வாரமே இந்த நோய் தொடங்கியது. நல்ல ரோட்டில் வண்டி சமர்த்தாக ஓடும். மேடு பள்ளம் வந்தால் சில சமயம் நின்றுவிடும், மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். கியர்பாக்ஸ் மேஸ்திரி இரண்டு தடவை அடியில் படுத்து, எர்த் வயரைச் சுரண்டி முடுக்கி, வயரிங் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். தன் வேலையில் குறை இருந்தால் மீசையை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளிக்கு மேஸ்திரியின் மீசைமேல் சந்தேகமில்லை. ஏனென்றால் தானே ஓட்டும்போது லாரி ஒரு நாளும் நிற்கவில்லை. தூரப் பயணத்துக்குச் சோம்பல்பட்டு உன் தம்பிதான் வேண்டுமென்றே நிறுத்துகிறான் என்று வீட்டில் சொல்லியும் பார்த்தார். மனைவி துணி மடிப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"ஆதாரத்தோட பேசுங்க. இல்லாத பழி போட்டு என் தம்பிய லாரிய விட்டு இறக்கினா, நான் இந்த வீட்ட விட்டு இறங்கிடுவேன்."

ஆதாரத்துக்காகத்தான் இன்று மீட்டரை அழைத்து வந்திருந்தார். வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவர். கழுத்தில் எந்நேரமும் ஒரு மீட்டர் தொங்கும், அதுவே பெயராகிவிட்டது. இதுவரை ஜன்னலோரம் வாயைத் திறக்காமல் இருந்தவர், அடுத்த ரவுண்டு முதலாளியையே ஓட்டச் சொன்னார்.

மச்சினன் சாவியை உருவிக்கொண்டு இறங்கி ஓரமாக நின்றான். முதலாளி தன் சட்டைப்பையிலிருந்த ஒற்றைச் சாவியைப் போட்டு, வேண்டுமென்றே வேகமாக, அதே வேகத்தடையில் மூன்று தடவை ஏறி இறங்கினார். மீட்டரின் தலைதான் கூரையில் இடித்தது. எஞ்சின் இருமக்கூட இல்லை.

"இப்ப தெரிஞ்சு போச்சுல்ல, யாரு பண்றதுன்னு?" என்றார் முதலாளி. உண்மையில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

மீட்டர் இடித்த தலையைத் தடவிக்கொண்டார். ஓரமாக நின்ற மச்சினனுக்கு முகம் சுண்டிவிட்டது. அவன் ஓட்டக் கற்றுக்கொண்டதே இந்த லாரியில்தான். வண்டியருகே வந்து, சாவிக்கொத்தை ஜன்னல் வழியாக நீட்டினான்.

"இந்தாங்க அத்தான். நீங்க அனுப்பினதாச் சொல்லல. எனக்கே பிடிக்கலன்னு அக்காகிட்ட சொல்லிடறேன்."

முதலாளிக்கு மனசு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிய கை கொஞ்சம் கீழே இறங்கியது.

அந்தக் கை இறங்கியதை மீட்டர் கவனித்தார்.

"ஒரு நிமிஷம் முதலாளி. அந்தச் சாவியப் போட்டு இன்னொரு ரவுண்டு நீங்களே ஓட்டுங்க."

சாவியில் என்ன இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே முதலாளி தன் சாவியை எடுத்துவிட்டு மச்சினனின் சாவியைப் போட்டார். தெருவைச் சுற்றி வந்து வேகத்தடையில் ஏறி இறங்கினார். விளக்குகள் மொத்தமாக அணைந்தன, எஞ்சின் நின்றது. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. இந்தத் தடவை அவருடைய கைகள்.

மீட்டர் தன் கழுத்திலிருந்த மீட்டரைத் தொடவே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே தொங்கி ஆடிய கொத்தை ஒற்றை விரலால் தாங்கித் தூக்கினார். டேஷ்போர்டு பளிச்சென்று எரிந்தது. விரலை எடுத்தார். விரல் நீளப் பூட்டுச் சாவிகளின் பாரம் சாவி போடும் பழைய சுவிட்சைக் கீழே இழுக்க, விளக்குகள் மறுபடி அணைந்தன.

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு பண்றதுன்னு கேட்டீங்களே," என்றார் மீட்டர். "இந்த ஏழு பூட்டையும் போட்டது யாரு முதலாளி?"