மன்னிப்பு கேட்க வந்தவன்

கதவைத் திறந்தவள், வந்தவனின் குரலைக் கேட்டதுமே பட்டென்று சாத்தினாள்.

முகத்தை அவள் பார்த்ததில்லை. குரல்தான் மனப்பாடமாயிற்றே.

"மேடம், ரெண்டே நிமிஷம். ஐயாகிட்ட மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்."

"இன்னும் யாரைக் கொன்னார்னு சொல்லப் போறீங்க?" என்றாள் கதவுக்கு உள்ளேயிருந்து.

கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார். "யாரும்மா?"

"உங்களைக் கொலைகாரர்னு ஊரெல்லாம் சொன்னாரே, அவர்தான்."

"வந்த மனுஷனை வாசல்ல நிக்கவைக்காதே. உள்ள கூப்பிடு."

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாடகி, ஒத்திகைக் கூடத்து மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனாள். அப்போது கட்டடத்தில் இருந்த இன்னொரு ஆள், அவளுக்கு டிரம்ஸ் வாசித்த அப்பா மட்டும்தான். போலீஸ் ஒரு வாரம் விசாரித்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டது. ஊரும் மறந்துபோயிற்று.

போன வருஷம் இவன் தோண்டி எடுத்தான். பழைய பாட்டையும் பழைய கொலையையும் சேர்த்துச் சொல்லும் பாட்காஸ்ட்காரன். 'கீழே உக்காந்து வாசிச்சுக்கிட்டிருந்தேன்னு சொல்றார். சரி, கேட்டவங்க யாராவது உண்டா?' என்று கேட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்தினான். அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. இருபது லட்சம் பேர் கேட்டார்கள்.

அப்பாவிடம் டிரம்ஸ் கற்றுக்கொண்டிருந்த ஒன்பது பிள்ளைகளும் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணி காத்திருந்த நேரத்தில் அதைச் சத்தமாக வைத்துக் கேட்டாள். அடுத்த டோக்கனைக் கூப்பிடாமல் இவள் உள்ளறைக்குப் போய்விட்டாள்.

இப்போது அவன் அப்பாவின் எதிரே தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, பெரிய தப்பு பண்ணிட்டேன். அன்னைக்கு உங்க ஒத்திகையைப் பதிவு பண்ண வந்தாரே, அவர் போன மாசம் தவறிட்டார். அவர் வீட்ல அலமாரியை ஒழிச்சப்ப இந்த நாடா கிடைச்சிருக்கு. மெஷினை அணைக்காமலே சாப்பிடப் போயிருக்கார். அது பாட்டுக்கு ஓடியிருக்கு."

லேப்டாப்பைத் தட்டினான்.

டிரம்ஸ் சத்தம். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம். திடீரென்று மேலே மரக் கைப்பிடி முறியும் சத்தம், ஒரு அலறல், தொப்பென்று ஏதோ விழுவது. அதற்குப் பிறகுதான் டிரம்ஸ் நின்றது. 'அக்கா? என்ன சத்தம்? அக்கா!' என்று அப்பாவின் இளவயதுக் குரல். ஓடும் காலடிகள்.

அவன் லேப்டாப்பை மூடினான்.

"சத்தம் கேட்ட பிறகும் நாலு தட்டு தட்டியிருக்கேன் பாரு" என்றார் அப்பா. "உடனே நிறுத்தலை நான்."

பாட்காஸ்ட்காரன் குலுங்கிக் குலுங்கி அழுதான். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதான்.

அவளுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "கதவைச் சாத்தினதைத் தப்பா எடுத்துக்காதீங்க சார்."

"செருப்பால அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பேன் சிஸ்டர்."

மூன்று மணி நேரம் அப்பாவைப் பேசவைத்துப் பதிவு செய்தான். ஒரு வருஷமாகப் போர்வை போர்த்திக் கிடந்த டிரம்ஸை அப்பா வாசித்தும் காட்டினார்.

"தனி எபிசோடாவே போடறேன் ஐயா. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு, உங்க பேர்ல ஒட்டின கறை போயிடும்" என்று காலைத் தொட்டுவிட்டுப் போனான்.

அவள் ஒருவரை விடாமல் போன் செய்தாள். வருவதையே நிறுத்திவிட்ட அத்தை, ஒன்பது பிள்ளைகளின் பெற்றோர், பல் டாக்டர் என்று எல்லோரையும் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கினாள். அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பத்து மணிக்கு அப்பாவின் போனை ஸ்பீக்கரில் இணைத்தாள்.

'வணக்கம். முப்பத்தொரு வருஷமா ஒரு மர்மம். அந்தக் கொலைகாரக் கூடத்துல அன்னைக்கு உண்மையில நடந்தது என்ன? இதோ, இதுவரை யாருமே கேட்காத நாடா...'

இசை எழுந்தது. பிறகு ஒரு பெண் குரல்: 'இது போனஸ் பகுதி. தொடர்ந்து கேட்க, சந்தா செலுத்துங்கள்.'

வந்திருந்தவர்கள் அவரவர் போனை எடுத்துப் பார்த்தார்கள். "எனக்கும் அப்படித்தான் வருது" என்றாள் அத்தை.

அவள் பதறிப்போய்ப் பணம் கட்ட முயன்றாள். அட்டை நம்பரைத் தட்டித் தட்டி, அது தப்பு என்று காட்டி, மறுபடி தட்டி...

"பரவாயில்லம்மா, அப்புறமா வீட்ல கேட்டுக்கறோம்" என்று ஒரு பிள்ளையின் அம்மா எழுந்தாள். அவள் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள்.

ஒருவழியாகப் பணம் போய்ச் சேர்ந்தது. காலி நாற்காலிகளுக்கு நடுவே அப்பா தனியாக உட்கார்ந்து தன் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவள் பால்கனிக்குப் போய் அவனுக்குப் போன் செய்தாள்.

"என்ன சிஸ்டர், ஐயா கேட்டாரா? சந்தோஷம்தானே?"

"பணம் கட்டினாத்தான் சார் வருது."

"அடடா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்குச் சும்மாவே அனுப்பியிருப்பேனே!"

"எங்களுக்கு எதுக்கு சார்? எங்களுக்குத்தான் தெரியுமே. ஊருக்குல்ல தெரியணும்?"

உள்ளே ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி சார், இதைப் பூட்டியே வச்சுக்குங்க. அந்தப் பழைய எபிசோடையாவது எடுத்துடுங்களேன்" என்றாள்.

"அதை எப்படி சிஸ்டர் எடுக்கறது?" என்றான் அவன், நிஜமான வருத்தத்தோடு. "அதைக் கேட்டுட்டுத்தானே எல்லாரும் சந்தா கட்டவே வர்றாங்க!"