மஞ்சள் கல்

"கவர்மெண்டு வாங்கிட்டா எண்ணெ இன்னா பன்னீரா மாறிடுமா?"

ஏஞ்சல் மைக்கில் கேட்டதும் கிராமசபைப் பந்தலே ஆடிப்போனது. அப்படி ஒரு கைதட்டல்.

விஷயம் இதுதான். கச்சா எண்ணெய்க் குழாய் போட ஒரு தனியார் கம்பெனி உத்திரமேரூர் பக்கத்துக் கழனிகளில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை நட்டது. சனங்கள் மறித்தார்கள். கேஸ் போட்டார்கள். வேலை பாதியில் நின்றது. இப்போது அந்த அரைகுறைக் குழாயை அரசாங்கமே விலைக்கு வாங்கி முடிக்கப்போகிறதாம்.

"தெருக் கொயாய்ல தண்ணி வர்ல, கழனிக் கொயாய்ல எண்ணெ வர்தாம்!" என்று பின்வரிசையில் ஒரு குரல். கொல்லென்று சிரிப்பு.

கூட்டத்தில் இருந்த புருஷோத்தமன் எழுந்தார். "சிரிக்காதீங்கப்பா. கம்பெனிக்காரன் நஷ்டம்னா ஓடிப்பூடுவான். கவர்மெண்டு நம்மளுது. வெடிச்சா கேக்கறதுக்கு ஒரு ஆளு கீது."

"வெடிச்சப்புறம் கேக்கறதுக்கு நீ கீவியாண்ணே?" என்றாள் ஏஞ்சல்.

மறுபடி கைதட்டல். விசில் வேறு.

நாற்று நடப் போகிற காலனிக்காரி ஏஞ்சல் மைக் பிடிப்பது இதுதான் முதல் தடவை. ஆனாலும் வாய் நிற்கவில்லை. புருசன் போனதிலிருந்து அவளை இத்தனை பேர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

திட்டத்தை விளக்க வந்திருந்த அதிகாரி தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "இங்க பாருங்க, கல்லு நட்ட வழியிலயே வாங்கறதுதான் திட்டம். நீங்க வேணாம்னு தீர்மானம் போட்டா, திரும்பப் புதுசா அளப்பாங்க."

"அளக்கட்டும்! வேற ஊருக்கு ஓட்டிக்கினு போவட்டும்!"

அப்போதுதான் ஊர்த்தெரு வேதகிரி எழுந்தார். ஒல்லியான மனுஷன். சபையில் வாயைத் திறக்காதவர்.

"கவர்மெண்டே வாங்கட்டும். கல்லு கீற எடத்துலயே போவட்டும்."

பந்தலில் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க, கல்லு மொதல்ல வேற எடத்துல இருந்துச்சாம். என் கழனியில போட்டுக்கங்கன்னு இவரே கம்பெனிக்காரங்களக் கேட்டு மாத்திக்கிட்டாராம். இந்த மாதிரி ஆளுங்கதான் நாட்டுக்கு வேணும்!"

அவ்வளவுதான். நாற்காலிகள் கவிழ்ந்தன.

"கேட்டு வாங்கினியா?"

"கெணறு பூடுமேய்யா உனுக்கு!"

"சும்மா கேப்பானா? உள்ள இன்னாவோ நடந்துகீது!"

ஏஞ்சலுக்கு ரத்தம் தலைக்கேறியது. அவர் கழனியில் எத்தனை போகம் நாற்று நட்டிருக்கிறாள். வாய்க்கு வாய் நைனா என்று கூப்பிட்ட மனுஷன்.

"இன்னா நைனா, சொந்தக் கெணத்த மூடிக்கினு கொயாயக் கூப்புடுற? அப்பிடி இன்னா குடுத்துட்டான் அவன்?"

முன்வரிசையில் இருந்த வேதகிரியின் பங்காளி பிரபாவும் எகிறினான். "அதான் கேக்கறாங்க இல்ல? சொல்லு, எதுக்குக் குடுத்த? சொல்லேன்!"

வேதகிரி பிரபாவைப் பார்த்தார். ஏஞ்சலைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அத்த வுடும்மா."

"வுடறதா? நாளைக்கி உன்னப் பொதைக்கக்கூட உன் மண்ணு உனுக்கு இருக்காது, பாத்துக்கோ!"

"எனுக்கு இல்லாட்டி போவுது" என்றார் அவர். விசில் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை.

தீர்மானம் கை தூக்கி நிறைவேறியது. நாளன்றைக்கு எல்லாரும் கடப்பாரையோடு போய் வேதகிரி கழனியில் நட்ட கற்களைப் பிடுங்குவது என்று முடிவானது.

"மொத கல்ல நான்தான் புடுங்குவேன்!" என்று ஏஞ்சல் மைக்கில் கத்தினாள்.

மறுநாள் கல்லறைத் திருநாள். அதனால் சபை முடிந்த அன்று மதியமே கொடுவாளும் சுண்ணாம்பு வாளியுமாக ஏஞ்சலும் அவள் ஓர்ப்படி வளர்மதியும் ஏரியோரத்துக் கல்லறைக்குப் போனார்கள். சர்க்கார் கணக்கில் அது மேய்க்கால் புறம்போக்குதான். காலனிக்காரர்கள் மூன்று தலைமுறையாகப் புதைப்பதெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. வருஷத்துக்கு ஒருதரம் முள் வெட்டினால்தான் உள்ளே காலே வைக்க முடியும்.

"யக்கா, நீ பேசினத செல்லுல புடிச்சுகிறேன். போடட்டா?"

"போடு, போடு!"

தன் குரலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஏஞ்சல் வெட்டிக்கொண்டு போனாள். ஒரு புதரைச் சாய்த்ததும் ஏரிக்கரை தெரிந்தது. கரையடியில் ஒரு மஞ்சள் கல். அதற்கு இப்பால் இன்னொன்று. நூல் பிடித்த மாதிரி நேராகக் கல்லறையைப் பார்த்து வந்துகொண்டிருந்தன.

"இன்னாடி இது, இங்க வர்து?"

அடுத்த புதர் அவள் புருசன் தலைமாட்டில் இருந்தது. வெட்டி இழுத்தாள்.

சிலுவைக்குப் பக்கத்தில் சதுரமாக ஒரு குழி. உள்ளே மழைத்தண்ணீர். விளிம்பில் ஒட்டியிருந்தது மஞ்சள் பெயிண்ட். அதற்கப்புறம் நேர்வழியில் கல்லே இல்லை. முழங்கை மடக்கினாற்போல வரிசை சட்டென்று திரும்பி, அடுத்த கல் பக்கத்திலிருந்த வேதகிரியின் கழனியில், அவர் கிணற்றை ஒட்டி நின்றது.

வளர்மதியும் பார்த்தாள். "யக்கா... காலனிப் பொணத்துக்காவ கெணத்த வுட்டாருன்னு தெரிஞ்சா, அந்தப் பிரபா ஆளுங்க அவர ஊர்ல இருக்க வுடுவாங்களா?"

ஏஞ்சல் கொடுவாளைக் கீழே போட்டுவிட்டுக் குழிக்குள் கையை விட்டாள். அவள் புருசனின் மண்.

வளர்மதியின் செல்லில் அவள் குரல் இன்னும் கத்திக்கொண்டிருந்தது: "மொத கல்ல நான்தான் புடுங்குவேன்!"

முதல் கல்லை வேதகிரி என்றைக்கோ பிடுங்கிவிட்டிருந்தார்.